கஞ்சி போட்ட டெஸ்லா காயில்

போன ஞாயிற்றுக்கிழமை திருச்சானூரில் என் வீட்டைத் தேடி வந்த லேப் தம்பிகள் மூவருக்கும் வணக்கம். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் மற்றவர்களும் இதைப் படிக்கலாம், தப்பில்லை. நீங்கள் செய்த டெஸ்லா காயிலிலிருந்து காற்றில் விரல் நீளத்துக்கு மேல் மின்பொறி சீறவில்லை. அதனால் மூன்று மடங்கு பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும் என்று ஒரு கடிதம் எழுதிக்கொண்டு வந்தீர்கள். ஓய்வுபெற்ற ஹெட் மெக்கானிக் சிபாரிசுக் கையெழுத்துப் போட்டால் பிரின்சிபால் தட்டமாட்டார் என்று யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். நான் காயிலை மட்டும் வாங்கி மூக்கருகே வைத்து மோந்து பார்த்துவிட்டு, காப்பி கொடுத்து, கையெழுத்துப் போடாமல் அனுப்பிவிட்டேன். ஷேர் ஆட்டோவில் ஏறும்போது "கிழவனுக்குக் கொழுப்பு அடங்கல" என்று உங்களில் ஒருவர் சொன்னார். எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

கொழுப்பு இல்லை என்று நான் சொல்லமாட்டேன். நிறையவே இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்று மட்டும் சொல்லிவிடுகிறேன். கையெழுத்துப் போடாததற்கான காரணமும் அதிலேயே இருக்கிறது.

நான் திருப்பதிக்கு வந்து, தற்காலிக மெக்கானிக்காக நம் கல்லூரி பிசிக்ஸ் லேபில் நுழைந்தபோது ஆந்திரா தனி ராஜ்யமாகி வெகுகாலம் ஆகவில்லை. எங்கள் ஊர் பிச்சாட்டூர்ப் பக்கம். எங்கள் பக்கத்துக் கிராமங்கள் ஆந்திராவில் இருக்குமா, மெட்ராஸ் ராஜ்யத்துக்குப் போகுமா என்று யாருக்கும் தெரியாது. டீக்கடையில் தினமும் ஒருவர் எல்லைக்கோட்டை வடக்கே தள்ளுவார், இன்னொருவர் தெற்கே தள்ளுவார். என் நைனாவுக்குக் கையகல நிலம் கிடையாது. ஆரணி ஆற்றில் அணை வேலைக்கு மண் சுமந்துகொண்டிருந்தார். எங்கள் குடும்பத்தில் மாதச் சம்பளம் என்று வாங்கியவன் நான்தான் முதல் ஆள், அதுவும் தற்காலிகம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டிப்பார்கள். ஒருமுறை நீட்டாமல் விட்டால் நைனாவுக்குப் பக்கத்தில் நானும் கூடையைத் தூக்கிக்கொண்டு நிற்கவேண்டியதுதான்.

அதற்கு முன்னால் நான் இரண்டு தொழில் பார்த்திருந்தேன். முதலில் புத்தூர்ப் பக்கத்துத் தறிக்கூடங்களில் பாவுக்குக் கஞ்சி போடும் வேலை. பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஓடும் நூல். அது அறுந்துபோகாமல் விறைப்பாக நிற்பதற்காக அரிசிக் கஞ்சி பூசி வெயிலில் காயவைப்போம். என் மனைவி கன்னியம்மாவை அங்கேதான் பார்த்தேன், அவள் ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். பிறகு சித்தூரில் ஒரு மோட்டார் ரீவைண்டிங் கடையில் செப்புக் கம்பி சுற்றும் வேலை கிடைத்தது. இந்த இரண்டு தொழிலும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டு என்னை ஒருமுறை கவிழ்க்கப் பார்த்தன.

எங்கள் கல்லூரியில் பிசிக்ஸ் பட்டப்படிப்பு தொடங்க அனுமதி கேட்டிருந்தார்கள். பார்வையிட மூன்று பேர் கொண்ட குழு வரப்போவதாகத் தகவல் வந்தது. எங்கள் லெக்சரர் தெலுங்குக்காரர், என்னைவிட இரண்டு வயது இளையவர், அவசரக்காரர். லேபில் என்னென்ன கருவிகள் உண்டு என்ற பட்டியலின் கடைசியில் "டெஸ்லா காயில், எங்கள் மெக்கானிக்கே செய்துகொண்டிருக்கிறார்" என்று எழுதி அனுப்பிவிட்டார். அனுப்பியபிறகுதான் என்னிடம் வந்து "செஞ்சிடலாம் இல்லய்யா?" என்று கேட்டார். நான் என்ன சொல்வேன்? செஞ்சிடலாம் சார் என்றேன்.

அடுத்த நாள் பிரின்சிபால் கூப்பிட்டார். காயில் குழுவின் முன்னால் வேலை செய்தால் என்னை நிரந்தரம் செய்ய எழுதுவதாகவும், செய்யாவிட்டால் அந்த மாதத்தோடு சரி என்றும் சொன்னார். "மீ ஊரு எட்லாகூ மெட்ராஸுக்கே போதுந்தி கதா" என்று கடைசியாக ஒன்றும் சேர்த்தார். ஊரே எப்படியும் மெட்ராஸுக்குப் போகப்போகிறது, நீயும் போய்விடுவாய்தானே என்கிறார். அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அதுதான் அதிகமாக வலித்தது.

டெஸ்லா காயில் எப்படி வேலை செய்யும் என்று உங்களுக்கு நான் பாடம் நடத்தப்போவதில்லை. லேபில் வாயுக் குழாய்களை எரியவைக்க ஒரு சின்ன நியான் டிரான்ஸ்ஃபார்மர் இருந்தது, அதையே எடுத்துக்கொண்டேன். மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் கண்டென்சருக்குச் சோடா பாட்டில்களில் உப்புத்தண்ணீர் நிரப்பி, உப்புத்தண்ணீர்த் தொட்டியில் வரிசையாக நிறுத்தினேன். வெளிநாட்டுப் புத்தகத்தில் பீர் பாட்டில் என்று போட்டிருந்தது. மதுவிலக்கு ஊரில் நான் பீர் பாட்டிலுக்கு எங்கே போவேன்? ஒரே பெரிய இடைவெளியில் பொறி வெடித்தால் சூடாகி வீணாகிறது என்று நான்கு சின்ன இடைவெளிகளாகப் பித்தளைக் குமிழ்களை வைத்தேன். அடியில் தடித்த செப்புக் கம்பியில் சில சுற்று, அதற்கு நடுவே உயரமாக மெல்லிய கம்பியில் ஆயிரம் சுற்று. அந்த ஆயிரம் சுற்றில்தான் எல்லாம் இருக்கிறது. கீழே நாம் தருகிற கொஞ்சத்தையும் கசியவிடாமல் மேலே கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டியது அதுதான்.

கம்பியைச் சுற்றியபின் அதன்மேல் அரக்கு வார்னிஷ் பூசவேண்டும். சித்தூர்க் கடையில் தினமும் செய்த வேலை, எனக்குத் தெரியாதது இல்லை. அரக்கு எந்தத் தச்சரிடமும் கிடைக்கும். அதைக் கரைக்க ஸ்பிரிட் வேண்டும். அங்கேதான் நான் தடுக்கி விழுந்தேன். ஸ்பிரிட் பாட்டில்களைப் பிரின்சிபால் அறையில் ஓர் அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். வேண்டுமென்றால் அவர் எதிரில் போய் நின்று, எதற்கு என்று சொல்லி, கையெழுத்து வாங்கவேண்டும். எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர் லேப் ஸ்பிரிட்டைக் குடித்துத்தான் வெளியே போனார் என்று ஆபீஸில் வாரம் ஒருமுறையாவது சொல்லிச் சிரிப்பார்கள். மண் சுமக்கிறவன் மகன், தற்காலிக ஆள், போய் ஸ்பிரிட் கேட்டால் என் முகத்தை எப்படிப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். நினைத்ததும் கேட்கும் எண்ணத்தையே விட்டுவிட்டேன்.

அதற்குப் பதிலாக எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். பழுப்புத் தாளை மைதாப் பசை தடவி அடுக்கடுக்காகச் சுருட்டிக் குழாய் செய்தேன். அதன்மேல் கம்பியைச் சுற்றி, சுற்றுகள் நகராமல் இருக்கக் கெட்டியாக அரிசிக் கஞ்சியைப் பூசிக் காயவைத்தேன். கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவள் கன்னியம்மா. எதுக்கு என்று கேட்டாள். லேபுக்கு என்றேன். அதற்குமேல் அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அப்போது நல்ல வெயில். கஞ்சி பளபளவென்று இறுகி நின்றது. ஒரு மத்தியானம் ஜன்னல்களை மூடிவிட்டு சுவிட்சைப் போட்டோம். காயில் உச்சியிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு ஊதா நிறத்தில் பொறி சீறிக்கொண்டு வந்தது. லெக்சரர் என் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு மழை பிடித்தது. ஐப்பசியில் திருப்பதி மலையை மேகம் மூடினால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். குழு செவ்வாய்க்கிழமை வருகிறது, அதற்கு முந்தின வியாழக்கிழமை பிரின்சிபால் ஒத்திகை பார்க்க வந்தார். சுவிட்சைப் போட்டேன். உச்சியில் ஒன்றுமே இல்லை. காயிலின் உடம்பெல்லாம் மினுமினுவென்று ஏதோ ஊர்ந்தது, சோறு தீய்ந்த மாதிரி ஒரு வாசனை வந்தது, அவ்வளவுதான். பிரின்சிபால் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

"பவர் போதலய்யா. இன்னும் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் எங்கனா கிடைக்குமா?" என்றார் லெக்சரர்.

எனக்கும் அதுதான் தோன்றியது. தம்பிகளே, இதைக் கவனியுங்கள். பயந்த மனிதனுக்கு முதலில் தோன்றுவது இன்னும் பெரிசு, இன்னும் அதிகம் என்பதுதான். ஒத்திகை தோற்றது மழையால் என்று அங்கே நின்ற யாருமே நினைக்கவில்லை. சோறு தீய்ந்த வாசனை மூக்கில் ஏறியும் நான் ஒரு நிமிஷம் உட்கார்ந்து யோசிக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை சித்தூருக்கு பஸ் ஏறிவிட்டேன்.

சித்தூரில் ஒரு சினிமாக் கொட்டகை வாசலில் நியான் எழுத்து எரியும். அதன் ஆபரேட்டர் ரீவைண்டிங் கடையில் என்னோடு வேலை பார்த்தவர். கேட்டதும் டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றிச் சாக்கில் கட்டிக் கொடுத்தார். "எத்துக்கினு போ மச்சான். இந்த மழைல எவன் படம் பாக்க வரப்போறான்? ஆனா ஞாயித்துக்கிழமை ஆட்டத்துக்குள்ள எழுத்து எரியணும். இல்லன்னா மொதலாளி என்னை உயிரோட துன்னுடுவாரு" என்றார்.

பாருங்கள், பக்கத்து அறையில் இருந்த ஸ்பிரிட்டைக் கேட்க வெட்கப்பட்டவன், பஸ்ஸில் ஒருநாள் போய் இன்னொருவர் வேலையைப் பணயம் வைத்து டிரான்ஸ்ஃபார்மர் கேட்டேன். அதற்கு வெட்கமே வரவில்லை.

சனிக்கிழமை காலை இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்களையும் சேர்த்துக் கட்டி சுவிட்சைப் போட்டேன். படாரென்று ஒரு சத்தம். காயிலின் உச்சியிலிருந்து அடிவரை நெருப்பு கோடாக ஓடியது. சுவிட்சை அணைத்து ஈரச் சாக்கைப் போட்டு அமுக்கினேன். காயிலில் மேலிருந்து முக்கால்வாசி கருகிப் போயிருந்தது. லெக்சரர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அதை மறைக்க என்ன இருக்கிறது?

மிஞ்சிய கம்பியையாவது பிரித்து எடுக்கலாம் என்று காயிலைச் சாக்கில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து மூலையில் சாய்த்தேன். கை கால் கழுவிக்கொண்டு வருவதற்குள் உள்ளேயிருந்து கன்னியம்மா கத்தினாள்.

"மாமா! இங்க வந்து பாரு. இன்னா இது, கரண்டு மிஷினுன்னு சொன்ன, எறும்பு மொய்ச்சிக்கினு கீது!"

கருகாத அடிப்பகுதி முழுக்கச் சின்ன எறும்புகள். அவள் நகத்தால் கம்பிமேல் சுரண்டி விரல்களுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். பிசுபிசுவென்று ஒட்டியது.

"கஞ்சி! என்னாண்ட வாங்கிக்கினு போன கஞ்சியா இது? உள்ள இன்னா, மைதாப் பசையா? ஏன் மாமா, மழை நாள்ல எவனாச்சும் பாவுக்குக் கஞ்சி போடுவானா? நீதான அங்க எல்லாருக்கும் சொல்லுவ, ஈரக் காத்து அடிச்சா கஞ்சி தண்ணி குடிக்கும்னு?"

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கஞ்சி போடுவதையே தொழிலாகச் செய்தவன் நான். மேகம் கறுத்தால் பாவை விரிக்காதே என்று பத்துப் பேரை ஏசியவன். அந்த நான் ஆயிரம் சுற்றுக்கும் ஈரத்தைக் குடிக்கும் சட்டை ஒன்றைத் தைத்துப் போட்டிருக்கிறேன். கரண்ட் உச்சிக்குப் போகாமல் அந்த ஈரத்திலேயே இறங்கி ஓடியிருக்கிறது. அதில் இன்னும் அதிகக் கரண்டைக் கொட்டினால் எரியாமல் என்ன செய்யும்? டிரான்ஸ்ஃபார்மர் ஆரம்பத்திலிருந்தே போதுமானதாகத்தான் இருந்தது.

"அப்ப இன்னா போடணும்?" என்றாள்.

"அரக்கு வார்னிஷ்."

"அத்த போடேன்."

"ஸ்பிரிட் வேணும். பிரின்சிபால கேக்கணும்."

"கேளு. வாய் இருக்குது இல்ல?"

அதே சாயங்காலம் போனேன். பிரின்சிபால் கிளம்பிக்கொண்டிருந்தார். நான் கேட்டதும் கழற்றிவைத்த கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். நான் எந்தப் பார்வைக்குப் பயந்தேனோ அதே பார்வை. "ஸ்பிரிட்டா? எந்துக்கு?" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. "தாகேதானிக்கி காது சார். குடிக்கறதுக்கு இல்ல. காயிலுக்கு" என்றேன். தெலுங்கில் ஒருதரம், தமிழில் ஒருதரம், சந்தேகமே இருக்கக்கூடாது என்று. பிறகு கோபம் இறங்கி உண்மை வந்தது. "போன மாசமே கேட்டிருக்கணும் சார். நீங்க இன்னா நெனைப்பீங்களோன்னு பயந்துக்கினு கஞ்சி பூசிட்டேன். மழைல ஈரம் புடிச்சி எரிஞ்சிடுச்சி. தப்பு என்னுது, லெக்சரர் மேல ஒண்ணும் இல்ல. ஸ்பிரிட் குடுத்தா செவ்வாக்கிழமைக்குள்ள சரி பண்ணிடறேன்."

அவர் "பிசிக்ஸ் லேப்லோ கஞ்சியா?" என்று மட்டும் ஒருமுறை தனக்குள் கேட்டுக்கொண்டார். பிறகு "சோமவாரம் நேனே ஒஸ்தானு" என்றார். திங்கட்கிழமை நானே வருகிறேன், அதாவது ஸ்பிரிட்டை உன் கையில் தனியாகக் கொடுக்கமாட்டேன் என்கிறார். எனக்கு அது போதும் என்றிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சித்தூர் போய் டிரான்ஸ்ஃபார்மரை நியான் எழுத்தில் பழையபடி மாட்டிவிட்டு, ரீவைண்டிங் கடையில் புதுக் கம்பி வாங்கிக்கொண்டு திரும்பினேன். அதற்குள் கன்னியம்மா நான் சொன்ன வேலையை முடித்திருந்தாள். லேபில் உடைந்துகிடந்த ஜன்னலின் காய்ந்த தேக்குச் சட்டங்களை மெல்லிசாகச் சீவிக் கொடுத்திருந்தேன். அவற்றை மெழுகுவத்தி உருக்கிய சட்டியில் குமிழி அடங்கும்வரை வேகவைத்திருந்தாள். மெழுகு குடித்த மரம் தண்ணீர் குடிக்காது. அந்தச் சட்டங்களை வட்டமாக நிறுத்திக் கூண்டு கட்டினேன். தாளும் இல்லை, பசையும் இல்லை, உள்ளே வெறும் காற்று.

திங்கட்கிழமை காலை ராட்டையோடு கன்னியம்மாவும் லேபுக்கு வந்தாள். பிரின்சிபால் ஒரு துணிப்பையில் ஸ்பிரிட் பாட்டிலைக் கொண்டுவந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு, பாட்டிலை இரண்டு காலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கன்னியம்மா கூண்டைச் சுழற்றினாள், நான் கம்பியை விட்டேன். நூறு சுற்றுக்கு ஒரு புளியங்கொட்டை எடுத்து ஓரமாக வைப்பாள். மோட்டார் கடையில் கம்பியைத் திணித்துத் திணித்துப் பழகிய கை எனக்கு. ஓரிடத்தில் வேகமாக விட்டுவிட்டேன்.

"மாமா, ஏறிடுச்சி. பிரி."

"ஒரு சுத்துதான, போவட்டும்."

"ஒரு சுத்துன்னாலும் பிரி. ஒண்ணு மேல ஒண்ணு குந்தினா அங்கதான் அறுக்கும்."

நாற்காலியிலிருந்து பிரின்சிபால் "ஆமெ செப்பிந்தி கரெக்ட்" என்றார். அந்தம்மா சொல்றதுதான் சரி என்று. பிரித்துச் சுற்றினேன்.

வெளியே மழை விடவில்லை. ஈரக் காற்றில் அரக்கு பூசினால் பால் மாதிரி வெளுத்துப்போகும், மறுபடி ஈரம் உள்ளே மாட்டிக்கொள்ளும். அறையைச் சூடாக்கவேண்டும். கரி அடுப்பைக் கொண்டுவா என்று லெக்சரர் துள்ளினார். அடுப்பும் ஸ்பிரிட்டும் ஓர் அறையில் இருந்தால் எங்கள் எல்லோரையும் கூட்டித்தான் அள்ளவேண்டும். அவசரம் தலைக்கேறும்போது இதைத்தான் மறக்கிறோம். நான் பிரின்சிபாலைப் பாட்டிலோடு வராந்தாவுக்கு அனுப்பினேன். உள்ளே அடுப்பை வைத்துக் காயிலைக் கை பொறுக்கும் சூட்டுக்குக் காயவைத்தேன். பிறகு அடுப்பை வெளியே கொண்டுபோய் அணைத்துவிட்டு, அவரை உள்ளே கூப்பிட்டு, சூடு ஆறுவதற்குள் பூசினோம். மூன்று தடவை இப்படி. அடுப்பு உள்ளே போனால் பிரின்சிபால் வெளியே, பிரின்சிபால் உள்ளே வந்தால் அடுப்பு வெளியே. மூன்றாவது தடவை என் கை ஓய்ந்துபோயிருந்தது. அவர் எழுந்து வந்து பிரஷை வாங்கி மேல்பாதியை அவரே பூசினார். பாட்டில் நாற்காலிக்கு அடியில் தனியாகக் கிடந்தது, அதை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, வீணைக்குச் சுருதி சேர்ப்பது போல, அடிச்சுருளில் கரண்ட் கொடுக்கும் கிளிப்பை ஒவ்வொரு சுற்றாக நகர்த்தி, பொறி எங்கே அதிக நீளம் வருகிறதோ அங்கே நிறுத்தினேன். எர்த்துக்காகப் பூமியில் கம்பி அடித்த இடம் நன்றாக நனைந்திருந்தது, அந்த மழை எனக்குச் செய்த ஒரே உபகாரம் அதுதான். பழைய சின்ன டிரான்ஸ்ஃபார்மர், அதே சோடா பாட்டில்கள். பொறி இரண்டடி வந்தது. நானும் லெக்சரரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு பேயறைந்தவர்கள் மாதிரி நின்றோம்.

பதினோரு மணிக்குக் குழு வந்தது. பெரிய மனிதர்கள் மூவர், நனைந்த கறுப்புக் குடைகளோடு. பிரின்சிபால் வாசலில் நின்றார். கன்னியம்மா வராந்தாத் தூணுக்குப் பக்கத்தில் நின்றாள். மூவரும் நேராக வந்து காயிலைச் சுற்றி நின்று, குடையைக் கையில் பிடித்தபடியே குனிந்து பார்த்தார்கள். நான் சுவிட்சைப் போட்டேன். பொறி ஒரு சாண்கூட வரவில்லை.

லெக்சரர் என் காதருகே "அந்த டிரான்ஸ்ஃபார்மரை முந்தாநேத்து திருப்பிக் குடுத்திருக்கவே கூடாதுய்யா" என்றார். எனக்கும் ஒரு கணம் நைனாவின் மண்கூடை கண்முன் வந்துபோனது. சுவிட்சை அணைத்தேன். கையை எதிலும் வைக்காமல் நின்றேன். இரண்டு மணி நேரம் முன்னால் இரண்டடி வந்த காயில் இது. கம்பி அதே, பாட்டில் அதே, மழை அதே. அப்போது இல்லாதது இப்போது என்ன இருக்கிறது என்று மட்டும் பார்த்தேன். மூன்று பெரிய மனிதர்களும் மூன்று இரும்புக் கம்பிக் குடைகளும் இருந்தன. இவ்வளவு பக்கத்தில் உடம்பும் குடையும் வந்து நின்றால் காயிலின் சுருதியே மாறிவிடும். கிளிப்பை நகர்த்திப் பார்க்கலாம், ஆனால் அவர்கள் அசைந்தால் மறுபடி கெட்டுவிடும். அவர்கள்தான் நகரவேண்டும்.

தற்காலிக மெக்கானிக் குழுத் தலைவரைப் பார்த்துத் தள்ளி நில்லுங்கள் என்று சொல்லலாமா? எப்படிச் சொல்வது, எந்த மொழியில் சொல்வது? மரியாதையான வார்த்தை ஒன்றும் வாயில் வரவில்லை. மலைமேல் சந்நிதியில் நாள் முழுக்கக் கேட்கும் அந்த வார்த்தைதான் வந்தது.

"ஜருகண்டி! ஜருகண்டி!"

பிரின்சிபால் கண்ணை மூடிக்கொண்டார். குழுத் தலைவர் என்னைப் பார்த்தார், குடையைப் பார்த்தார், பிறகு வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "பெருமாளே சொன்னப்புறம் நகராம எப்படி?" என்று சொல்லிக்கொண்டு இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு சுவர் ஓரமாகப் போனார். நான் சுவிட்சைப் போட்டேன்.

தம்பிகளே, அந்தச் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. இரண்டடிக்கும் மேலே, கிளை கிளையாக, அறையே ஊதாவாகிவிட்டது. மேசைமேல் எந்தக் கம்பியோடும் சேராமல் கிடந்த டியூப்லைட்டை எடுத்து நான் தூரத்தில் நீட்டினேன், அது என் கையிலேயே எரிந்தது. தலைவர் அதை வாங்கித் தானும் பிடித்துக்கொண்டு நின்றார். எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று கேட்டார். "நாலு பல்பு எரியற கரண்டுதான் சார்" என்றேன். நம்பாமல் குனிந்து மேசைக்கு அடியில் டிரான்ஸ்ஃபார்மரைத் தேடினார். இந்தச் சின்னதா என்று மூன்று தரம் கேட்டார். யார் சுற்றியது என்றும் கேட்டார். நான் வராந்தாவைக் காட்டினேன். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் மலைப்படியை ஒரே மூச்சில் ஏறியிருப்பேன்.

பட்டப்படிப்புக்கு அனுமதி வந்தது. என்னை நிரந்தரம் செய்யும் காகிதமும் தயாரானது. ஆனால் ஆபீஸ் கிளார்க் அதைப் பிடித்து நிறுத்தினார். சொந்த ஊர் என்ற இடத்தில் எந்த ராஜ்யம் என்று எழுதுவது? எல்லை முடிவாகட்டும், அதுவரை ஃபைலை வைத்திருக்கலாம் என்றார். பிரின்சிபால் ஃபைலை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

"பார்டர் எப்புடு தேலுதுந்தோ தேலனீ. இதனிதி தேலிபோயிந்தி" என்றார். எல்லை எப்போது முடிவாகுமோ ஆகட்டும், இவனுடையது முடிவாகிவிட்டது என்று.

அதோடு மேசை டிராயரைத் திறந்து ஸ்பிரிட் அலமாரிச் சாவியை எடுத்து என் பக்கம் தள்ளினார். எல்லை பிறகு ஒருவழியாகத் தீர்ந்தது. சில ஊர்கள் அந்தப் பக்கம் போயின, எங்கள் ஊர் இந்தப் பக்கமே நின்றது. அதற்கெல்லாம் முன்னாலேயே அந்தச் சாவி என் இடுப்புக் கயிற்றில் ஏறிவிட்டது, ஓய்வுபெறும் நாள்வரை இறங்கவில்லை. கொழுப்பு என்று சொன்னீர்களே, அது அந்தச் சாவியோடு வந்ததுதான்.

இப்போது உங்கள் காயிலுக்கு வருகிறேன். மோந்து பார்த்தபோது புத்தகம் ஒட்டும் பசை வாசனை அடித்தது. ஏன் வார்னிஷ் பூசவில்லை என்று கேட்டேன். நீங்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டீர்களே தவிர வாய் திறக்கவில்லை. நான் திருப்பிக் கொடுத்த சாவி இன்னும் பிரின்சிபால் மேசையில்தான் இருக்கிறதாம், வருஷக் கணக்கில் யாரும் போய்க் கேட்கவில்லையாம். பெரிய டிரான்ஸ்ஃபார்மருக்குத் திருச்சானூர்வரை வரத் தெரிந்த உங்களுக்குப் பக்கத்து அறைக்குப் போகத் தெரியவில்லை. உங்களை ஏச எனக்கு யோக்கியதை இல்லை, நானும் சித்தூருக்கு பஸ் ஏறியவன்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. அன்று உங்கள் முன்னால் காப்பி டம்ளர்களை வைத்துவிட்டு, உங்கள் காயிலைக் கையில் எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாளே ஒரு பாட்டி, நீங்கள் உடைந்துவிடப்போகிறது என்று பயந்து வெடுக்கென்று வாங்கிக்கொண்டீர்களே, அவள்தான் கன்னியம்மா. உங்கள் ஆட்டோ தெருமுனை திரும்பியதும் என்னிடம் சொன்னாள்:

"அடில இருந்து ஒரு ஜாண் மேல ஒரு சுத்து ஏறிக்கினு கீது மாமா. சொல்லலாம்னுதான் எடுத்தேன். புள்ளைங்க கேக்கவே இல்ல."